தரையை எடுத்த கேமரா

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட அப்பா, தன் மூக்கில் மட்டும் ஒன்றை ஏற்றமாட்டேன் என்று வருஷக்கணக்கில் அடம்பிடித்தார். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் தெரியவில்லை என்றால் எவன் உள்ளே வருவான் என்பது அவர் கட்சி. கடையில் பொடி எழுத்து ஏதாவது எதிரே வந்தால், லென்ஸைச் சோதிக்கிற சாக்கில் பூதக்கண்ணாடியைக் கையிலெடுத்துச் சமாளிப்பார். அம்மாவின் நச்சரிப்புக்காகச் செய்துகொண்ட கண்ணாடி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். பையோடு சரி.

வீடியோ கேமரா வாங்கிய நாள் பெரியவளுக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. இன்று அவள் பல் டாக்டர். அன்று பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் அப்பா, அம்மா, தம்பியோடு கிளம்பியிருந்தாள். கேம்கோடர் வாங்குவது என்றால் அப்போது குடும்பத்தோடு போய்த்தான் வாங்குவார்கள். விற்பனையாளர் தூரத்தைக் கிட்டே இழுக்கும், இருட்டிலும் எடுக்கும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். அப்பா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் கொண்டுபோய், லென்ஸின் மேல் ஊதி, ஆவி எப்படி மறைகிறது, மேல்பூச்சு என்ன நிறம் காட்டுகிறது என்று தங்கம் உரசுகிறவர்போல் பார்த்தார்.

அம்மாவின் கண் வேறொன்றின் மேல் இருந்தது.

"இதுல திரை பெருசுங்க. ஓடுதா, நின்னுடுச்சான்னு எழுத்து பளிச்சுனு தெரியுது. உங்க கேமராவுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"படம் புடிக்கறது லென்ஸு. திரை சும்மா பொம்மை டிவி" என்றார் அப்பா.

எறும்புதான் வீட்டுக்கு வந்தது. அதில் ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். அப்பா அழுத்துவார், திரையின் மூலையில் இருந்த எழுத்து தெரியாமல் கண்ணைச் சுருக்குவார், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் அழுத்துவார். அதோடு கதை தலைகீழ். கேக் வெட்டும்போது கேமரா தூங்கும். எல்லாம் முடிந்து அவர் அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கும்போது விழித்துக்கொண்டு தரையை எடுக்கும். டேப்பைப் போட்டுப் பார்த்தால் மொசைக் தரை, மேஜைக்கால், அப்பாவின் செருப்பு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா முகம் தொங்கிப்போகும். அப்புறம் அந்த டேப்புகளை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை.

அவர் பொத்தானை ஒழுங்காக அழுத்திய நாட்களிலும் அம்மா வாயைத் திறந்ததில்லை. தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கிற வேலை அவளுக்கு. அவள் குரலைத் தெரியாத வீடே ஊரில் கிடையாது. ஆனால் முகம் தெரியாமல் பேசிப் பழகியவள். கேமரா தன் பக்கம் திரும்பினால் போதும், கையை ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் புகுந்துகொள்வாள்.

அந்தக் குரல் நின்றுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எதையும் வாய்விட்டுக் கேட்காத அப்பா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உங்கம்மா பேசினது எங்கயாவது இருக்குமா?" பெரியவள் மனசுக்குள் பழைய டேப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். ஊரெல்லாம் கேட்ட குரல், வீட்டில் ஒரு வார்த்தைகூட மிச்சமில்லையா?

டேப்பெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தவர், இதுவே கடைசி ஓட்டம், இனி இவை ஓடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். எடிட்டிங் சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். நாலைந்தை இறக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டிக்காரச் சாஃப்ட்வேரைப் பிடித்தான். நாம் எதுவும் செய்ய வேண்டாம். ஆடுவது, இருட்டானது, முகமே இல்லாதது எல்லாவற்றையும் தானே கழித்துவிட்டு, நல்லதை மட்டும் கோத்து இசையும் போட்டுவிடும். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல ஒரு படம் வந்தது. அம்மா கை ஆட்டினாள், திரும்பினாள், மறைந்தாள், பின்னால் பியானோ ஒலித்தது. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். நல்லா இருக்கு என்றார். கொஞ்சம் கழித்து, "பேசவே இல்லையே" என்றார்.

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். பெரியவள் பின்னாலேயே போனாள்.

"கழிச்சதெல்லாம் எங்கடா?"

"அது எதுக்குக்கா? வெறும் தரை. இடத்த அடைக்குதுன்னு இன்னைக்கு அழிச்சுடலாம்னு இருந்தேன்."

அழிக்காதே, அப்படியே எனக்குக் கொடு என்று வாங்கிக்கொண்டாள். அவள் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே மக்குச் சாஃப்ட்வேர். வெட்டும், ஒட்டும், அவ்வளவுதான். தானாக எதையும் கழிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தரையைப் பார்க்க உட்கார்ந்தாள். மொசைக். மேஜைக்கால். செருப்பு. எங்கோ பாத்திரம் விழும் சத்தம். பிறகு, கையில் எடுக்கலாம்போல அவ்வளவு பக்கத்தில், அம்மாவின் குரல். பெரியவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துத்தான் மீதியைக் கேட்டாள்.

மாலையில் அப்பாவை டிவி முன்னால் உட்காரவைத்தார்கள். இந்தத் தடவை இசை இல்லை. திரையில் தரை வந்ததும், "இது நான் கெடுத்ததாச்சே, இத எதுக்குப் போடற?" என்று அப்பா எழப்போனார். தம்பி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். திரையில் அவர் செருப்பு இரண்டு எட்டு நடந்து நின்றது.

"என்னங்க, அது இன்னும் ஓடுதுன்னு நெனைக்கறேன்" என்றது அம்மாவின் குரல்.

"நிறுத்திட்டேன்மா" என்றது அப்பாவின் பழைய குரல்.

"கண்ணாடியப் போட்டுப் பாருங்க. பாக்கெட்ல வெச்சிருந்தா பாக்கெட்டா பாக்கும்?"

பின்னால் சின்னப் பிள்ளைகள் இரண்டும் சிரிப்பது கேட்டது. அம்மாவின் குரல் தணிந்து, இன்னும் கிட்டே வந்தது.

"இங்க யாரு உங்க கடைக்கு வந்தவங்க? நான் மட்டுந்தான இருக்கேன். போட்டுக்கங்க."

திரையில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, ஒரு செருப்பும் கொஞ்சம் தரையும்தான். அப்பாவின் கை மெல்ல சட்டைப் பைக்குப் போனது. கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, காதில் மாட்டிக்கொண்டார்.

"போட்டுட்டேன்" என்றார், திரையைப் பார்த்து.