பறவை, மேகம், பலூன்

விமானப்படை ரேடார்காரரின் வீட்டுக்கு மேலே பத்தொன்பது வருஷமாக ஒரு பறக்கும் தட்டு நிற்கிறது. மொட்டைமாடியிலிருந்து ஒட்டடைக் கம்பை நீட்டினால் அடிப்பாகத்தில் இடிக்கும். அந்த வீட்டில் துணி காய இரண்டு நாள் ஆகும், மற்றபடி தெருவுக்கு அதனால் தொந்தரவு இல்லை.

முதலில் அது படைத்தளத்துக்கு மேலேதான் வந்தது, ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில். ரேடார்காரர் திரையிலும் பார்த்தார், வெளியே ஓடிவந்து கண்ணாலும் பார்த்தார். அறிக்கைப் படிவத்தில் பறவை, மேகம், பலூன் என்று மூன்றே கட்டங்கள். பேசாமல் ஒன்றில் டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். மனுஷன் ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, பறக்கும் தட்டு என்று எழுதினார். பதினோரு மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அரசாங்கப் படிவத்தில் கோடு கிழித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தார். அதில் ரகசியம் என்று முத்திரை குத்தி, எழுதினவரே அதைப் படிக்கக் கூடாது என்றார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? கடைசியில் கண் கோளாறு என்று பதிவேட்டில் ஏற்றி, அவரைத் தூக்கிச் சாமான் கிடங்கில் போட்டார்கள். அன்று சாயங்காலம் தட்டு அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

வருஷா வருஷம் ஒரு அதிகாரி விசாரணைக்கு வருவார். ஜீப்பைத் தட்டின் நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மேலே ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போவார். "அப்ப வண்டிய வெயில்லயே நிறுத்துங்க சார்," என்று ரேடார்காரரின் மனைவி ஒரு தடவை சொல்லியே விட்டாள். அதிகாரி அதையும் ரகசியம் என்று குறித்துக்கொண்டார்.

தட்டு வந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகள் வளர்ந்து அதே ரேடார் வேலைக்குத் தேர்வானாள். மருத்துவச் சோதனையில் அப்பாவின் கண் கோளாறு குறுக்கே வந்து நின்றது, பரம்பரையாக வருமாம். "உங்க வீம்புக்கு நம்ம பொண்ணு பலியா?" என்று மனைவி கேட்டாள். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரேடார்காரர் தலைமையகத்துக்குப் போனார். புதுப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். பலூனில் டிக் அடித்தார். கண் இரண்டும் நல்ல கண் என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று காலை பத்தே காலுக்கு மகள் போன் செய்தாள்.

"அப்பா, திரையில நம்ம வீட்டு மேல தட்டு தெரியுது. நல்லா தெளிவா தெரியுதுப்பா. என்னன்னு எழுதட்டும்?"

படையிலிருந்து ஒருவர் அதைப் பார்த்ததாக அவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பலூன்னு போடும்மா," என்றார்.