ஓசியில் வந்த கடிகாரம்

மாரிசெல் ஸ்டாப் வாட்சை அமுக்கியதும் பூங்காவனத்தின் கை மெதுவானது.

ரொம்ப இல்லை. ரப்பர் வாஷரை எடுப்பாள், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்திரியால் ஒரே சுற்றில் வெட்டுவாள், கூடையில் போடுவாள். அதுதான் வேலை. இப்போது வெட்டி முடித்ததைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு தடவை திருப்பிப் பார்த்து, இல்லாத பிசிறை விரலால் தட்டிவிட்டு அப்புறம் போட்டாள். பக்கத்தில் எல்லம்மாவும் அப்படியே செய்தாள். மேனாம்பேட்டில் மூடிப்போன ரைஸ்மில்லுக்குப் பின்னால், வாடகைக்கு எடுத்த ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில், சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த இருபத்து மூன்று பெண்களும் அப்படியே செய்தார்கள். யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை. மணிலாவிலிருந்து வந்திருந்த மாரிசெல் அட்டையில் நொடிகளைக் குறித்துக்கொண்டே போனாள். அவளை அழைத்து வந்த வசந்தகுமாரி, கால் மாற்றி நின்றபடி பூங்காவனத்தின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டல் அவளுக்குத் தெரிந்த தட்டல்.

அவள் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் பதினாறு வருஷம் மணல் அச்சு பிடித்தவள். வருஷத்தில் ஒரு நாள் வாட்சோடு ஒரு ஆள் வந்து பின்னால் நிற்பான். அன்றைக்கு மட்டும் பிரஷ் போட்ட அச்சுக்கே இன்னொரு தரம் பிரஷ் போடுவார்கள். ஒரு வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, அந்த ஆள் சிரித்துப் பேசினான் என்று, எட்டு மணி நேர வேலையை ஐந்து மணி நேரத்தில் முடித்துக் காட்டினாள். அடுத்த மாதம் எல்லோருக்கும் அதுதான் எட்டு மணி நேர வேலை ஆயிற்று. அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கி, சாம்பார் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டது அந்த வருஷம்தான்.

வசந்தகுமாரி இப்போது ஒரு வெளிநாட்டு கம்பெனியின் அம்பத்தூர் ஆபீசில் ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பெர்சனல் ஆபீசர். கம்பெனிக்கு ஐந்து நாடுகளில் பாக்டரி. மூன்று வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்று நான்கில், சிங்கப்பூர் தலைமை ஆபீசுக்கு ஒரு யோசனை வந்தது. ஏழைகளுக்கு நன்கொடை கொடுப்பதைவிட, கம்பெனியில் படித்த ஆட்கள் தங்கள் தொழிலைச் சம்பளம் வாங்காமல் அவர்களுக்குச் செய்து கொடுக்கட்டும் என்று. பினாங்கு அக்கவுண்டன்ட் கொழும்பில் ஒரு கயிற்றுச் சங்கத்துக்குப் போவார். அம்பத்தூர் கம்ப்யூட்டர்காரர் டாக்காவில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போவார். யாரை எங்கே அனுப்புவது, விசா, டிக்கெட், தங்கும் இடம், திரும்பி வந்ததும் ரிப்போர்ட், எல்லாம் யார் பார்ப்பது? அம்பத்தூரில் சம்பளம் குறைவு என்பதால் வேலை வசந்தகுமாரியின் மேசைக்கு வந்தது. ஐந்து நாட்டு ஆட்களையும் விமானத்தில் ஏற்றி இறக்கும் அவள் திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை.

மேனாம்பேட்டு வேலை அவளே தேடிப் பிடித்தது. அந்த வாஷர்கள் கடைசியில் அவள் கம்பெனிக்குத்தான் வருகின்றன. நடுவில் மணவாளன் என்கிற கான்ட்ராக்டர். காலையில் வேனில் மூட்டைகளை இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போய், கூலியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். ஒரு நாளைக்குப் பத்து மூட்டை, அதாவது ஒரு லட்சம் வாஷர், வெட்ட முடியும் என்று பெண்கள் சங்கம் காட்டிவிட்டால், கம்பெனி நேராக அவர்களுக்கே வேலை கொடுக்கும். அதை அளந்து காட்டித் தரத்தான் மணிலா பாக்டரியின் மாரிசெல், வேலை நேரத்தை அளப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள், ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை முதல் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அளப்பாள். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் சிங்கப்பூருக்கு பேக்ஸில் போக வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் மாரிசெல் மறந்துவைத்த குடையை எடுக்க இருவரும் மறுபடி ஷெட்டுக்குப் போனார்கள். மணவாளனின் வேன் நின்றது. மாரிசெல் ஏறிய மூட்டைகளை எண்ணினாள். வண்டியில் திரும்பும்போது அட்டையைப் புரட்டி ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள்.

"காலையில பத்து மூட்டை வந்தது. இப்ப பத்து மூட்டை போகுது. என் வாட்ச்படி அவங்களால நாலு மூட்டைக்கு மேல வெட்ட முடியாது. மீதி ஆறு மூட்டைய யார் வெட்டுறாங்க?"

வசந்தகுமாரி வெளியே பார்த்தாள்.

"எங்க ஊர்ல பார்த்திருக்கேன்" என்றாள் மாரிசெல். "ஆள் வந்தா பெரியவங்க முன்னால உட்காருவாங்க. பிள்ளைங்க பின்னால வீட்டுல செய்யும். கேள்வி ஒன்பதுல நான் அதை எழுதணும், வசந்தா. எழுதாம இருக்க முடியாது."

ரிப்போர்ட்டுக்கு ஐந்து நாட்டிலும் ஒரே ஃபாரம். கேள்வி ஒன்பது, பதினான்கு வயதுக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா என்பது. ஆமாம் என்று ஒரு வரி போனால் சிங்கப்பூர் ஒரே பேக்ஸில் தொடர்பை அறுத்துவிடும். நேரடி வேலை போகட்டும், மணவாளன் கொடுக்கிற வேலைகூட அப்புறம் அந்த ஷெட்டுக்கு வராது.

வியாழக்கிழமை மத்தியானம் வசந்தகுமாரி பழைய பைல்களை இறக்கி மேசையில் பரப்பினாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. மூன்று வருஷத்தில் கைவேலைக்காரர்களிடம் வாட்ச் வைத்து எடுத்த ரிப்போர்ட் நான்கு இருந்தது. கொழும்பில் கயிறு திரிக்கும் பெண்கள்: எதிர்பார்த்ததில் பாதி வேகம், காரணம் வெயில். டாக்காவில் தையல்காரர்கள்: பாதிக்கும் குறைவு, காரணம் சத்துக் குறைவு. பினாங்கில் மீன் காயவைப்பவர்கள்: பாதி, காரணம் ஆர்வமின்மை. மணிலாவில் காகிதப் பை ஒட்டுபவர்கள்: இயல்பிலேயே நிதானமானவர்கள் என்று எழுதியிருந்தது. கீழே மாரிசெல்லின் கையெழுத்து. வசந்தகுமாரி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒருவரையொருவர் பார்த்திராத, ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாத அத்தனை பேரும், வாட்சைப் பார்த்ததும் செய்தது ஒன்றையே. இதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கொழும்புக்காரி எதைத் தட்டிவிட்டிருப்பாள், கயிற்றில் ஒட்டாத நாரையா?

மேனேஜர் சண்முகசுந்தரத்தின் அறைக்குப் போனாள்.

"சார், மேனாம்பேட்டு ரிப்போர்ட்ல வர்ற நம்பர வச்சு மூட்டைக்கு கூலி ரேட் போடுவாங்களா?"

"அது பர்ச்சேஸ் விவகாரம். நமக்கெதுக்கு?"

"நம்ம பேப்பர வச்சு ரேட்ட கொறைக்க மாட்டாங்கன்னு அந்தப் பொம்பளைங்ககிட்ட சொல்லலாமா சார்?"

அவர் பேனாவை மூடினார். "நாம தர்மத்துக்குப் பண்றோம்மா. மொதல்ல ரிப்போர்ட் வரட்டும்."

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டில் மாரிசெல் வாட்சை எடுக்குமுன் வசந்தகுமாரி நடுவில் போய் நின்றாள்.

"ஒரு விஷயம் கேக்கணும். சாயங்காலம் போற மூட்டைல பாதிக்கு மேல உங்க வீட்டுப் பிள்ளைங்கதான் வெட்டுறாங்கன்னு இவங்க நினைக்கறாங்க. அப்படியே எழுதப்போறாங்க."

பூங்காவனம் கத்திரியைக் கீழே வைத்தாள். ஐம்பது வயது, பெரிய உடம்பு, சங்கத்துக்குத் தலைவி. "யாரு, எம் பொண்ணா? பிளஸ் ஒன் படிக்குது. சோத்துத் தட்டக் கூட கழுவாது அது. அது வந்து இத்த வெட்டுமா?"

"எம் புள்ளைய கூப்புட்டு வெட்டச் சொல்லச் சொல்லு மேடம்" என்றாள் எல்லம்மா. "ஒரு மூட்ட வெட்டிட்டான்னா அந்தம்மாவையே அவனுக்குக் கட்டி வெக்கறேன்."

ஷெட் முழுக்கச் சிரிப்பு. மாரிசெல்லும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள்.

"அப்ப பத்து மூட்டை எப்படிப் போவுது? மூணு நாளா ஏன் மெதுவா வெட்டுறீங்க?"

"யாரு மெதுவா வெட்னது? கத்திரி மழுங்கிக் கீது."

வசந்தகுமாரி புடவையை ஒதுக்கிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தாள். எல்லம்மாவின் கூடையிலிருந்து வெட்டி முடித்த ஒரு வாஷரை எடுத்தாள். கண்ணுக்கு நேரே தூக்கினாள், திருப்பினாள், இல்லாத பிசிறை விரலால் தட்டிவிட்டுக் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்து அதே மாதிரி செய்தாள். மூன்றாவதைப் போடும்போது எல்லோருடைய பார்வையும் அவள் விரலில் இருந்தது.

"எங்கம்மா எஸ்டேட்டுல மணல் அச்சு புடிச்சது" என்றாள். "பதினாறு வருசம்."

"அப்ப தெரிஞ்சிக்கினேதான் மூணு நாளா கம்முனு நின்னுகினு இருந்தியா?" என்றாள் பூங்காவனம். 'மேடம்' என்கிற மரியாதை போய்விட்டிருந்தது.

"ஆமா."

"ஏன்?"

"உங்கள காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு."

"இப்ப மட்டும் இன்னா பண்ற?"

வசந்தகுமாரி கூடையிலிருந்த வாஷர்களைக் கிளறினாள். பூங்காவனமே தொடர்ந்தாள். "சரி, வுடு. நாங்க பத்து மூட்ட வெட்றோம்னு தெரிஞ்சா ரேட்ட கொறைக்க மாட்டாங்கன்னு நீ சொல்லு. சொல்லிடு, இப்பவே வெட்டிக் காட்றோம்."

"என்னால சொல்ல முடியாது. நேத்து கேட்டேன். ரிப்போர்ட் வரட்டும்னாரு."

"வந்துட்டா வெட்டுவானுங்க" என்றாள் எல்லம்மா. "ரேட்ட."

"வெட்டாமயும் போலாம். நெசமா எனக்குத் தெரியாது. மெதுவாவே காட்டுனீங்கன்னா வேலை கிடைக்காது, அது தெரியும். பிள்ளைங்கன்னு எழுதிட்டா உள்ளதும் போயிடும், அதுவும் தெரியும்."

"ஓசில வந்து அளந்து குடுக்கறேன்னாங்க, நானும் இன்னாமோன்னு நெனச்சேன்" என்று பூங்காவனம் தனக்குள் சொல்வதுபோல் சொன்னாள்.

மாரிசெல் வசந்தகுமாரியின் தோளைத் தொட்டு, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள். வசந்தகுமாரி எழுந்திருக்காமலேயே எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். பவுண்டரியை, அம்மாவின் மணிக்கட்டை, நேற்று மேசையில் பரப்பிய நான்கு ரிப்போர்ட்டுகளை. நான்காவதைச் சொல்லும்போது மாரிசெல்லின் முகம் மாறியது. நிதானமானவர்கள் என்ற வார்த்தையை அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"பதினொரு வருஷமா இந்த வேலை செய்யறேன்" என்றாள். "அப்ப இத்தனை நாளா நான் அளந்தது என்ன?"

அதை மொழிபெயர்க்கச் சொல்லி பூங்காவனம் கேட்டாள். வசந்தகுமாரி சொன்னாள். பூங்காவனம் மாரிசெல்லைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள். முதல் தரமாகப் பார்ப்பதுபோல இருந்தது. "பாவம், அதுவும் புள்ளக்குட்டிக்காரிதானே" என்றாள். "அது ஊர்ல கூலிக்குத்தான் அளந்துகினு கீது."

மாரிசெல் வாட்சைக் கழுத்திலிருந்து கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வசந்தகுமாரிக்குப் பக்கத்தில் சாக்கில் சப்பணமிட முயன்று, முடியாமல் கால்களை ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்தாள்.

சுவரோரம் பத்து மூட்டைகள். ஒன்றின் வாய்தான் அவிழ்ந்திருந்தது. மணவாளன் ஐந்து மணிக்கு வந்துவிடுவார். மூன்று நாளாகக் காலையில் போன நேரத்தைச் சோறு தின்னாமல் ஈடுகட்டியிருந்தார்கள். பெண்கள் பூங்காவனத்தைப் பார்த்தார்கள். அவள் மூட்டைகளைப் பார்த்தாள். கவிழ்ந்திருந்த அட்டையைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

"இன்னாமே வாயப் பாக்கறீங்க" என்றாள். கத்திரியை எடுத்தாள்.

வசந்தகுமாரி இதுவரை அதைப் பார்த்ததில்லை. கை வாஷரை எடுப்பது தெரியவில்லை. கத்திரி நின்ற இடத்தில் நிற்க, இடது கை விரல்கள் வாஷரைச் சுழற்ற, பிசிறு அறுபடாத நூலாகச் சுருண்டு மடியில் விழுந்தது. வெட்டியது கூடையில் விழுமுன் அடுத்தது விரலில் இருந்தது. எல்லம்மா கையைப் பார்க்காமலே, யாரோ நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டு வெட்டினாள். இருபத்து மூன்று கத்திரிகளின் சத்தம் ஆஸ்பெஸ்டாஸில் மோதித் திரும்பியது.

ரிப்போர்ட்டை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். அதில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. வசந்தகுமாரி திரும்பிப் பார்த்தாள். மாரிசெல்லின் கண் பூங்காவனத்தின் கூடையில் இருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவளுக்கே தெரியாமல் எண்ணிக்கொண்டிருக்கிறாளா, தெரிந்தேவா?

பூங்காவனம் நிமிர்ந்தாள். அவளும் அந்த உதடுகளைப் பார்த்தாள். ஒரு வாஷர் கூடையில் விழுந்தது. பார்வையை எடுக்காமலே, கையை மெதுவாக்காமலே, இன்னொன்றைப் போட்டாள். இன்னொன்று.