இலைகள் பேசிய இணையதளம்

கூட்ட அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கத்தில் கல்வித்துறை இயக்குநர். அவருக்கு வலப்பக்கம், துறையின் புதிய இணையதளத்தைக் கட்டிக்கொடுத்த மேலாளர். பேச்சு இனிப்பதால் அலுவலகத்தில் அவருக்குச் 'சர்க்கரை' என்று பெயர். எதிரே, கணினியின் முன் டீச்சர். கதவோரம் அவரை அழைத்துவந்த தம்பி.

டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தளம் அவரைப் போன்றவர்களுக்கும் பயன்படுகிறதா என்று சோதித்து எழுதிக்கொடுக்க அழைத்திருந்தார்கள். அவருக்கும் அதில் ஒரு காரியம் இருந்தது. நிரந்தர ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். தளத்தின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். பயன்படுத்த முடியவில்லை என்று சோதனையாளர் எழுதிக்கொடுத்தால் மட்டும் காகிதத்தில் வாங்குவார்கள்.

தட்டச்சுப் பலகையில் விரல் வைத்தார். திரையைப் படித்துச் சொல்லும் குரல் உற்சாகமாகத் தொடங்கியது: "பச்சை இலை, இடப்பக்கம் வளைந்தது. பச்சை இலை, பனித்துளியுடன். பச்சை இலை, சற்றே பழுத்தது..."

"எல்லாப் படத்துக்கும் விளக்கம் எழுதியாச்சு டீச்சர். ஒண்ணு விடல" என்றார் சர்க்கரை.

"இலை எதுக்கு சார்?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். அந்த அலங்காரம் அவர் மனைவியின் யோசனை.

"அக்கா, நீ வேலைக்கு வந்தியா, தோட்டத்துக்கு வந்தியா?" என்றான் தம்பி.

"வாயை மூடுடா."

தோட்டம் ஒருவழியாக முடிந்தது. அடுத்து, "கட்டம். கட்டம். கட்டம். பொத்தான். பொத்தான்" என்றது குரல். எதில் பெயர், எதில் பிறந்த தேதி, எந்தப் பொத்தான் அனுப்பும், எது அழிக்கும்? அதைப் பற்றிக் குரல் மூச்சு விடவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினார். "நேரம் முடிந்தது. முதலிலிருந்து தொடங்கவும். பச்சை இலை, இடப்பக்கம் வளைந்தது..."

சர்க்கரை குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், தளம் அருமைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க விண்ணப்பத்தை நானே நிரப்பிடறேன். ரெண்டே நிமிஷம்."

டீச்சரின் விரல்கள் பலகையிலேயே நின்றன. ஒப்பந்த வேலையில் வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு தலையாட்டலில் இன்று அது முடியும்.

"வேலை கெடச்சா வருகைப்பதிவு எதுல?"

"இதுலதான்."

"லீவு?"

"இதுலதான்."

"பிள்ளைங்க மார்க்கு?"

"அதுவும்..."

"அப்ப தெனமும் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்துடுவீங்களா சார்? உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்றேன்."

தம்பி சிரித்தான். பிறகு டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினான்: கட்டங்களுக்கும் பொத்தான்களுக்கும் பெயர் இல்லை, நேரம் போதவில்லை, இலைகளைக் குரல் படிக்கத் தேவையில்லை. ஆகவே தளத்தைப் பயன்படுத்த முடியவில்லை. விண்ணப்பத்தைக் காகிதத்தில் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இயக்குநர் நெளிந்தார். "சோதனையாளரும் நீங்களே, விண்ணப்பதாரரும் நீங்களேவா?"

"வேற யாரைக் கூப்பிட்டீங்க சார்?"

தம்பி இன்னொரு தாளில் விண்ணப்பத்தையும் எழுதி முடித்தான். அவன் காட்டிய இடங்களில் டீச்சர் கையெழுத்திட்டார். இரண்டு தாள்களையும் உறைக்குள் மடித்துவைத்து, ஓரத்தை விரலால் நீவி நீவி ஒட்டினார். தம்பி அதைக் கீழ்த்தளத்துத் தபால் பிரிவில் கொடுத்து, அன்றைய தேதி முத்திரை விழும் சத்தம் கேட்ட பிறகே திரும்பினான்.