சத்தமில்லாத செயின்

யுத்தகாலம்; தொண்ணூற்றேழில் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தோம். என் கணவர் தவராசாவின் மோட்டார் சைக்கிள் செயின் தொய்ந்து, கவரில் சடசடவென்று அடிக்கும். ஒழுங்கை முனையில் அது கேட்டால்தான், இராணுவச் செக்பொயின்ற்களைத் தாண்டி வந்துவிட்டார் என்று தேநீருக்கு அடுப்பை மூட்டுவேன். இறுக்கினாலும் இரண்டே நாளில் பழையபடி தொய்ந்துவிடும்.

ஒருநாள் மாளிகாவத்தை மெக்கானிக் அலவி நானா பின்சில்லில் செயினைப் பிடித்து இழுத்தாராம். பற்சக்கரத்தின் பல் பாதி வெளியே தெரியுமளவுக்குச் செயின் தேய்ந்திருந்ததாம். "இனி இறுக்கி வேலையில்ல, மாத்தத்தான் வேணும்" என்றாராம்.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். அன்று ஆறு மணியாகியும் சத்தமில்லை. ஏழாகியும் இல்லை. செக்பொயின்றில் பிடித்துவைத்துவிட்டார்களோ என்று பயந்து, சேலையை மாற்றி, அவருடைய அடையாள அட்டைப் பிரதியை எடுத்துக்கொண்டு, பொலிசுக்குப் போகக் கதவைத் திறந்தேன். மனிதர் எப்போதோ வந்து, முற்றத்தில் குந்தியிருந்து புதுச் செயினுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"பாரும், ஒரு சத்தமும் இல்லை," என்றார்.

"பழசையே கொண்டுவந்து போடுங்கோ," என்று கத்தினேன். கையிலிருந்த பிரதியைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

மறுநாளிலிருந்து ஒழுங்கை முனையில் இரண்டு தரம் ஹோர்ன் அடித்தார். யுத்தம் முடிந்துவிட்டது; இப்போது கார். இன்றும் அடிக்கிறார். அது கேட்காமல் நான் அடுப்பை மூட்டுவதில்லை.