சந்தனத்துக்கு அடியில் எச் 61

மராத்தி பேசும் தாபோடியில் ஜம்புநாதன் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தன் பெயரே மறந்துபோயிருந்தது. மூன்று மணி நேரமாக அதற்கு நினைவூட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் முகமது இஸ்மாயிலுக்குத் தன் பெயரும் மறந்துவிடும் போலிருந்தது.

நவம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. தான் உயிரோடு இருப்பதாக ஜம்பு சர்க்காருக்குச் சான்றிதழ் அனுப்பக் கடைசி நாள். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். விரல்ரேகைக் கருவியைச் சொருகினால் விண்டோஸ் கண்டுகொள்ளவே இல்லை. புதிதாகப் போட்ட விண்டோஸுக்கு மதர்போர்டில் இருப்பது எந்த சிப்செட் என்று புரியவில்லை. திரை முழுக்க மஞ்சள் எச்சரிக்கை முக்கோணங்களாகத் தொங்கவிட்டிருந்தது.

“போன்லயே மூஞ்சியக் காட்டி அனுப்பிடலாமே சார்?”

“செல்ஃபி எடுத்து பென்ஷன் வாங்கற ஆசாமியா நான்? முப்பத்தஞ்சு வருஷம் மிலிட்டரி ஸ்டோர்ல சூப்பரிண்டெண்ட், பாய். லேபிள் இல்லாம ஒரு ஆணி வெளிய போனதில்லை.” பரணிலிருந்து இறக்கிய மதர்போர்டு அட்டைப்பெட்டியை ஜம்பு தட்டினார். “இசட் 77. டாப் மாடல். நான் வாங்கினப்போ வாகட்ல சாஃப்ட்வேர் பசங்ககிட்டகூடக் கிடையாது.”

அந்தப் பெட்டியை நம்பித்தான் இஸ்மாயில் இசட் 77-க்கான டிரைவர் சாஃப்ட்வேரை ஐந்து முறை போட்டிருந்தார். ஐந்து முறையும் ‘இந்தக் கணினிக்குப் பொருந்தாது’ என்று வந்தது. சரியென்று விண்டோஸிடமே போர்டின் பெயரைக் கேட்டார். ‘தயாரிப்பாளர் பூர்த்தி செய்யவும்’ என்றது. அந்தப் புண்ணியவான் எந்த ஊரில் தூங்கினாரோ.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்தார். போர்டில் பெயர் அச்சிட்டிருக்க வேண்டிய இடத்தில் சந்தனம், நடுவே குங்குமம். பத்துப் பன்னிரண்டு ஆயுத பூஜைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து ஓடாகியிருந்தன.

“உள்ளயுமா சார் பொட்டு வெச்சீங்க?”

“வெளிய வெறும் தகரம். ஆயுதம் உள்ளதானே இருக்கு?”

டீயோடு வந்த பாலாம்பாள் மாமி எட்டிப் பார்த்தாள். “நல்ல வேளை, கரண்ட் இருக்கறச்சே வெக்கலை. இன்னிக்கு சர்டிபிகேட்டே தேவைப்பட்டிருக்காது.”

இஸ்மாயில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினார். எழுத்து தெரிந்தது. பெரியவர் மனம் நோகாதிருக்க, அழிந்துபோய்விட்டது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

“எச் 61, சார்.”

“அது இசட்டைவிடப் பெரிசோ?”

“இல்ல சார். ஹடப்சர்ல ஜெராக்ஸ் கடைக்குக் கடை இதுதான். கடைக்காரன் ஏமாத்திட்டான், பெட்டி மட்டும்தான் டாப் மாடல்.”

ஜம்பு பெட்டியையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன்னா,” என்றாள் மாமி, “ஸ்டோர்லயும் இப்படிப் பெட்டிய மட்டும்தான் பாத்தேளா?”

அவர் பெட்டியின் லேபிளைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

பிளக்கை மறுபடி மாட்டியதும் எச் 61 டிரைவர் நான்கே நிமிடத்தில் ஏறியது. முக்கோணங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஜம்பு வேட்டியில் விரலைத் துடைத்து இரண்டு முறை வைத்தார், ஏற்கவில்லை. மூன்றாவது முறை, அவர் உயிரோடு இருப்பதை சர்க்கார் ஒப்புக்கொண்டது.

இஸ்மாயில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

“தாம்பா, தாம்பா! மூடாதீங்கோ பாய்.” மராத்தியில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஜம்பு பூஜை அறைக்குள் போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“பிளக்கைப் பிடுங்கிட்டு வைங்க சார்,” என்றார் இஸ்மாயில் அலுப்போடு.

எச் 61-இன் மேல், ஒரு எழுத்தும் தெரியாதபடி, ஜம்பு கெட்டியாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு பெட்டியைக் கையில் எடுத்து இஸ்மாயிலைப் பார்த்தார்.

இஸ்மாயில் அதை வாங்கிக்கொண்டார். ஸ்டூலில் ஏறி, லேபிள் வெளியே தெரியும்படி, பெட்டியைப் பரணில் வைத்தார்.