கொலுவில் வெர்னா பாடியது

ஹூஸ்டனை அடுத்த கேட்டியில் கொலு வைக்கிற வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வந்தவர் யாரானாலும் ஒரு பாட்டுப் பாடியே தீரவேண்டும். தொண்டை கட்டியிருக்கிறது என்று கெஞ்சினாலும் விடமாட்டார்கள். அந்தச் சட்டம் பக்கத்து வீட்டு வெர்னாவின் மேலும் பாயும் என்பது விசாலாக்ஷிக்கு உறைக்கவே இல்லை.

குங்குமமும் சுண்டலும் கொடுத்து, நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். போன மாதத்திலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வெர்னாவின் தம்பி சாக்ஸபோன் பெட்டியும் கையுமாக அக்கா வீட்டு வாசலில் காத்திருந்தான். கறுப்பு இளைஞன், கையில் கறுப்புப் பெட்டி. மாடி ஜன்னலிலிருந்து பார்த்த விசாலாக்ஷியின் கணவர் ஜம்புநாதன், முன்பின் யோசிக்காமல் போலீஸுக்கு போன் போட்டுவிட்டார். பட்டப்பகலில் அவனைப் புல்தரையில் குப்புறப் படுக்கவைத்து விலங்கு மாட்டினார்கள். அக்கா ஓடிவந்து கத்திய பிறகுதான் விட்டார்கள். போன் செய்தது யார் என்று வெர்னாவுக்குத் தெரியாது. விசாலாக்ஷிக்குத் தெரியும். கட்டின புருஷனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. வெர்னாவைப் பார்த்துச் சிரிக்கவும் முகமில்லை.

"விசாலம், இவங்க ஹூஸ்டன்ல ஜாஸ் பாடறவங்களாமே! ஒண்ணு பாடச் சொல்லு கண்ணு," என்றாள் நாகரத்தினம் ஆன்ட்டி.

"பாவம், டயர்டா இருப்பா ஆன்ட்டி. விடுங்கோ."

ஆன்ட்டியாவது விடுவதாவது! "வெர்னா, ஒன் சாங், ப்ளீஸ்!" என்று தானே கேட்டுவிட்டாள்.

வெர்னா சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். புதிதாக ஒரு பாட்டு இருக்கிறது, இன்னும் மேடையேற்றவில்லை என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆங்கிலப் பாட்டு. யாரையும் அவசரப்படுத்தாத, தாழ்ந்த குரல். என் தம்பி வாசலில் நின்றான், கையில் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு நின்றான். யாரோ பார்த்தார், யாரோ பயந்தார். அந்த 'யாரோ' வரும்போதெல்லாம் குரல் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே பெயரில்லாத ஓர் இடத்தில் போய்த் தங்கியது. சுபபந்துவராளி சாயல் இருக்கே என்று ஆரம்பித்த ஒரு மாமி பாதியில் வாயை மூடிக்கொண்டாள். விளக்குச் சுடர்கள் அசையாமல் நின்றன. அறையே தரையை விட்டு மெல்ல எழும்பி மிதப்பது போலவும், பொம்மைகளெல்லாம் படியிறங்கிப் பெண்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது போலவும் விசாலாக்ஷிக்குத் தோன்றியது. அந்தப் பாட்டில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பாட்டு முடிந்தபோது மாடிப்படியில் ஜம்புநாதன் நின்றிருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்று விசாலாக்ஷி கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

"போலீஸைக் கூப்பிட்டது நான்தான்," என்றார் ஆங்கிலத்தில். "நான் பண்ணினது தப்பு, வெர்னா."

வெர்னா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இவள் எழுந்து போய்விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது விசாலாக்ஷிக்கு. போகவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "உட்காருங்கள்," என்று எதிரே ஜமக்காளத்தைக் காட்டினாள்.

பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஜம்புநாதன் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெர்னா முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். அதே மெட்டு, அதே நிதானம். ஆனால் 'யாரோ' வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை. என் பக்கத்து வீட்டார் பார்த்தார்கள் என்று பாடினாள். என் பக்கத்து வீட்டார் பயந்தார்கள்.

விசாலாக்ஷி கையிலிருந்த குங்குமச் சிமிழைக் கீழே வைத்துவிட்டு, கணவரின் அருகில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த வார்த்தை அவளுக்கும் சேர்த்துத்தான்.