சீனியரின் அம்மா

அம்மா கல்லூரியில் சேர்ந்த அன்றே மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். "உள்ள போனா நீ யாரோ, நான் யாரோ. பார்த்தாலும் பார்க்காத மாதிரி போயிடணும். சரியா?"

"சரிங்க சீனியர்," என்றாள் அம்மா.

நாற்பத்திரண்டு வயதில் வரலாறு படிக்க வந்தவள் அவள். பள்ளியோடு படிப்பு நின்று, மருந்துக் கடை வேலை, கல்யாணம், குழந்தை என்று வருஷங்கள் ஓடிப்போயிருந்தன. இப்போது காலையில் கல்லூரி, மாலையில் அதே மருந்துக் கடை. மகள் அங்கேயே இயற்பியல் மூன்றாம் ஆண்டு. பஸ் ஓட்டும் கணவர், "ஒரே வீட்டுல ரெண்டு ஸ்டூடன்டா? அப்ப எனக்கு யார் சாப்பாடு போடறது?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே சமைக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

கல்லூரிக்கு நூற்றெழுபது வயது. கல் கட்டடம். மரப்படிகள் நடுவில் மட்டும் தேய்ந்து குழிந்திருந்தன. முதல் வாரம் அவளுடைய பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றவர்கள்தான் இரண்டு பேர். அப்புறம் ஒருத்திக்குத் தலைவலி வர, பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் 'மாத்திரையக்கா' ஆனாள். பெஞ்சில் இடம் பிடிக்கப் போட்டி வந்தது.

ஒப்பந்தத்தை அவள் மீறவே இல்லை. வராந்தாவில் மகள் எதிரே வந்தால், கட்டடக்கலை ஆராய்ச்சி செய்பவள் மாதிரி அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டே போய்விடுவாள்.

ஒரு வியாழக்கிழமை நூலகத்துக்குப் போகும் வழியில், இயற்பியல் துறையின் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. செய்முறை வகுப்புக்குச் சரியாக வராததால் தேர்வெழுத முடியாதவர்கள் என்று ஒரு தாள். அதில் ஒரே ஒரு பெயர். அவள் பெற்ற பிள்ளைக்கு அவளே வைத்த பெயர்.

இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். வாரத்தில் இரண்டு நாள் 'லேப் இருக்கு' என்று அரக்கப்பரக்கக் கிளம்பி ஓடிய பிள்ளை, அப்படி எங்கேதான் போனாள்?

தேடவே வேண்டியிருக்கவில்லை. நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால், ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சீனியர், ஒரு சந்தேகம்."

"போம்மா. யாராவது பார்க்கப் போறாங்க."

"இப்ப உங்களுக்கு லேப் நேரம்தானே?"

மகளின் முகம் விழுந்துவிட்டது. "போர்டைப் பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

மகள் புத்தகப் பக்கத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "என்கூட லேப் பண்ணினவ படிப்பை விட்டுட்டுப் போயிட்டாம்மா. ரெண்டு ரெண்டு பேராத்தான் பண்ணணும். நான் மட்டும் ஒத்தையா நின்னேன். பக்கத்து மேஜையில கேட்டா, 'எங்களுக்கே இடம் பத்தல'ன்னாங்க. அடுத்த தடவை போக வெட்கமா இருந்துச்சு. அதுக்கப்புறம், ஏன் வரலைன்னு கேப்பாங்களேன்னு போகல. அப்படியே ஒம்பது வகுப்பு ஆயிடுச்சு."

'இதுக்குப் போயா?' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அம்மா அதை விழுங்கினாள். ஆள் வராத பெஞ்சில் ஒரு வாரம் உட்கார்ந்தபோது அவளுக்குமே வீட்டுக்கு ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது.

"ஹெச்.ஓ.டி. என்ன சொன்னார்?"

"பேரன்ட்டைக் கூட்டிட்டு வரச் சொன்னார். நான் எப்படிம்மா சொல்வேன்? நீ இந்த வயசுல விழுந்து விழுந்து படிக்கிற..."

"பேரன்ட் பக்கத்துக் கட்டடத்துல கிளாஸ்ல இருக்காங்கன்னு சொல்லியிருக்கலாமே!"

கண் கலங்கியிருந்த மகளுக்குச் சிரிப்பு வந்து மூக்கில் ஏறிக்கொண்டது.

இருவரும் நேரே போய் நின்றதும், துறைத் தலைவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அம்மாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை கண்ணில் பட்டது.

"நான் பேரன்ட்டைக் கூட்டிட்டு வரச் சொன்னேன். ஃப்ரெண்டை இல்ல."

"நான்தான் சார் பேரன்ட்."

அவர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "இது வேறயா!" என்றார்.

அம்மா மகளின் முழங்கையை மெல்ல இடித்தாள். மகள் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"ஒரு பிள்ளை ஒத்தையா நின்னது என் கண்ணுலயும் படலையே," என்றார் அவர். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா சலுகை எல்லாம் கிடையாது. லீவுல வந்து ஒம்பது சோதனையையும் பண்ணி முடிக்கணும். அப்புறம்தான் பரீட்சை. ரீடிங் எழுத ஒரு ஆள் வேணும். நம்ம காலேஜ் ஸ்டூடன்டாத்தான் இருக்கணும்." அவர் பார்வை மறுபடியும் அடையாள அட்டைக்குப் போனது.

"எனக்குக் கடை மூணு மணிக்குத்தான் சார்," என்றாள் அம்மா.

வகுப்புக்கு இருபது நிமிஷம் தாமதமாகிவிட்டது. "ஏம்மா லேட்?" என்று கேட்டார் வரலாற்று ஆசிரியர்.

"பொண்ணோட காலேஜ்ல கூப்பிட்டிருந்தாங்க சார்."

"எந்தக் காலேஜ்?"

"இதுதான் சார்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மதியத்துக்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மகள் அன்று முழுக்க உம்மென்றிருந்தாள். மறுநாள் காலையில், "ஒரே பஸ்லயே போயிடலாம், வா," என்றாள். பக்கத்து மேஜைக்காரிகள் தேடி வந்து மன்னிப்புக் கேட்டார்கள். "பரவால்ல," என்றாள். மனசு முழுசாக ஆறிவிடவில்லைதான். இருந்தாலும், அவர்கள் நீட்டிய செய்முறை நோட்டை வாங்கிக்கொண்டாள்.

விடுமுறையில் இயற்பியல் ஆய்வகம் வெறிச்சோடிக் கிடந்தது. ஆளுயர ஜன்னல்கள் வழியாக வெயில் வந்து நீண்ட மேஜைகளில் விழுந்தது. மகள் கருவியில் கண் வைத்து எண்களைச் சொல்ல, அம்மா எழுதினாள். இரண்டாம் நாளே சண்டை வந்தது.

"அம்மா, தசமப் புள்ளி எங்க?"

"வெச்சிருக்கேனே, பாரு."

"அது மைக்கறை!"

முழுச் சோதனையையும் முதலிலிருந்து செய்தார்கள். கடைசி நாள் மதியம் ஒன்பதாவதும் முடிந்தது. மகள் பரீட்சை எழுதித் தேறினாள். மதிப்பெண் சுமார்தான். அடுத்த பருவத்தின் முதல் செய்முறை வகுப்பில், யாரும் கூப்பிடுவதற்கு முன்பே தன் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போய், "கொஞ்சம் நகருங்க, மூணு பேரா நிக்கலாம்," என்றாள். நகர்ந்தார்கள்.